ஐந்தே முக்கால் மணித் தட்டு

1

இந்தக் கதை ஓர் ஆட்டைப் பார்த்து எனக்கு வந்த சந்தேகத்தில் தொடங்கியது.

இந்த வாக்கியத்தை இங்கே வைத்திருக்கக் கூடாது. ஆடு ஐந்தாம் பகுதியில்தான் வர வேண்டும். ஆனால் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துவிட்டு ஒரு கதையைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. பகலில் நான் ஒரு பத்திர எழுத்தரிடம் படியெடுக்கும் வேலை பார்க்கிறேன். நிலம் விற்கிறவர் அது தனக்கு எந்த வழியில் வந்தது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் எங்கள் முதலாளி பேனாவையே திறக்க மாட்டார்.

இந்தக் கதை எனக்கு வந்த வழி இது. 1983 ஆவணி முதல் தேதி, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டு ஒன்றில் ஸ்கேல் வைத்து நான்கு கோடு போட்டேன். நான்கு கோட்டுக்கு ஐந்து கட்டம். நேரம், உணவு, அளவு, தண்ணீர், சாப்பிட்டாரா. ஐந்தாவது கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். நோட்டு முழுவதும் ஒரே ஆளைப் பற்றியது. என் அண்ணன் ஆதிமூலம், வயது முப்பத்திரண்டு, மல்லாட்டை (நிலக்கடலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) மண்டியில் மூட்டை தூக்கியவர். சாராயக்கடை திறந்திருந்த வருடங்களிலும் மூடியிருந்த வருடங்களிலும், ஆகப் பதினோரு வருடம், விடாமல் குடித்தவர். ஆடி மாதம் ரத்த வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரியில் பதினான்கு நாள் கிடந்தார். இனி ஒரு தடவை குடித்தாலும் பிழைக்க மாட்டார் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. மூட்டை தூக்கி என்னைப் பள்ளி இறுதி வரை படிக்க வைத்தவர் அவர். எனக்கு இருக்கிறவர் அவர் ஒருவர்தான். இந்தக் கதையில் கெட்டுப்போகக் கூடிய பொருள் வேறெதுவும் இல்லை.

(பத்திரத்தில் எங்கே அடித்துத் திருத்தினாலும் பக்கத்தின் கீழே சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு விடாது. இப்பகுதியில் அடித்தல் ஒன்று: 'மூட்டை தூக்கியவர்' என்பதற்கு முன் 'நல்லவர்' என்று இருந்தது.)

2

நான் எழுதி விட்டுவிட்ட தொடக்கங்கள்.

"மலை உச்சியில் மேகம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில் ஆதிமூலம்..."

இதை விட்டுவிட்டேன். எங்கள் தெருவில் யாரும் மேகத்தைப் பார்க்க நிமிர்வதில்லை. துணி காயுமா என்று கேட்கத்தான் நிமிர்வோம்.

"ராமகிருஷ்ணன் குடியை விட்டுவிட்டான்."

பெயரை மாற்றி எழுதினால் தைரியம் வரும் என்று நினைத்தேன். வந்தது. அதுதான் ஆபத்து. பெயர் மாறியதும் அவன் என் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டான். இரண்டாம் பக்கத்தில் என் கையைப் பிடித்து அழுதான். மூன்றாம் பக்கத்தில் திருந்திவிட்டான். என் அண்ணன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ராமகிருஷ்ணனை அந்தப் பக்கத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாவது தொடக்கம், வார்டு நர்ஸ் தங்கம்மாள். இது நடந்தது. எனவே அடிக்காமல் வைக்கிறேன். வீட்டுக்கு அனுப்பும் நாளன்று அவர் என்னை வராந்தாவுக்கு வரச் சொல்லவில்லை. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருக்க, அவர் எதிரிலேயே கேட்டார்.

"வூட்ல கூட யாரு இருக்கிறது?"

"நான்தான் சிஸ்டர். தங்கச்சி."

"சம்சாரம்?"

"அண்ணி அடி அண்ணாமலைல, அவங்க அம்மா வூட்ல இருக்காங்க. கொழந்தையும் அங்கதான்."

"மருந்து கம்மிதாம்மா. சோறுதான் இவருக்கு மருந்து. வயித்தக் காய வுடாத. பசிச்சா அது பசின்னு இவங்களுக்குத் தெரியாது, குடிக்கணும்னுதான் தோணும். மூணு மணிக்கொரு தடவ எதுனா குடு. முட்ட, பயறு, சுண்டல், மல்லாட்ட, கீர, மோரு. அவிச்சுக் குடு, எண்ண கம்மியா. காலைல நடக்கச் சொல்லு." பிறகு அண்ணனைப் பார்த்து, "எத்தினி மணிக்குப் போவீங்க கடைக்கு?" என்றார்.

"ஆறு" என்றார் அண்ணன், ரயில் நேரம் சொல்வது போல.

"அப்ப ஆறுக்கு முன்னாடி வயிறு ரொம்பியிருக்கணும்."

"எழுதிக்கிறேன் சிஸ்டர்" என்றேன்.

"எழுதினா ரொம்பாது கண்ணு. பொங்கிப் போடணும்."

அவர் அந்தப் பட்டியலைச் சொன்னது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். தவறு அதற்குப் பிறகு நடந்தது. நடத்தியது நான்.

(அடித்தல் இல்லை. கடைசி வாக்கியம் இடைச்செருகல்.)

3

பட்டியலை அட்டவணையாக்கினேன். காலை ஐந்தரைக்கு ஒரு சொம்பு தண்ணீர், நடை. ஏழரைக்கு இட்லி, அல்லது மோர் விட்ட கேழ்வரகுக் கூழ். பத்தரைக்கு மண்டியில் தின்ன இரண்டு வாழைப்பழம். ஒரு மணிக்குத் தூக்கில் சோறும் கீரையும். ஐந்தே முக்காலுக்குத் தட்டு. எட்டுக்குக் கொஞ்சம் மோர் சாதம். ஒன்பதுக்குப் படுக்கை.

நடை எங்களுக்குப் பிரச்சினையாக இல்லை. முதல் வாரம் ரமணாசிரமம் வரை போய்த் திரும்பினார். புரட்டாசியில் ஞாயிற்றுக்கிழமைகளில் அடி அண்ணாமலை வரைக்கும் போனார். அண்ணியின் தெருவுக்கு முந்தைய தெருவில் ஒரு டீக்கடை இருக்கிறது. அந்தக் கடையருகே நின்று, மூச்சு வாங்கிவிட்டு, திரும்பிவிடுவார். (இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒருநாள் பின்னாலேயே போனேன். நான் நல்லவளாகத் தெரிய வேண்டும் என்று இந்தக் கதையை எழுதவில்லை.)

பிரச்சினை ஐந்தே முக்கால்.

நாலரைக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வருவேன். நர்ஸ் சொன்னபடி முட்டை, சுண்டல், மல்லாட்டை அவித்து, தட்டில் வைத்து, இன்னொரு தட்டால் மூடிவிட்டு ஐந்தேகாலுக்குக் கிளம்புவேன். தேரடி வீதியில் மாடியில் இருக்கிற டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் எனக்கு ஐந்தரை பேட்ச். பரீட்சை பாஸ் பண்ணினால் முதலாளி சொந்தமாக மெஷின் வாங்கி என்னை உட்கார வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணன் மண்டியிலிருந்து ஐந்தே முக்காலுக்கு வருவார். இப்போது மூட்டை தூக்குவதில்லை, தராசருகே நின்று எடை சொல்கிறார். நான் திரும்பி வர ஆறே முக்கால். நடுவில் இருக்கிற ஒரு மணி நேரம் அவர் வீட்டில் தனியாக இருப்பார்.

குடித்துக்கொண்டிருந்தவருக்கு நாள் என்பதே அந்த ஒரு மணி நேரம்தான். மற்ற இருபத்து மூன்றும் அதற்காகக் காத்திருப்பது.

அந்த நேரத்தில் நான் மாடியில் உட்கார்ந்து அதே நான்கு எழுத்துகளைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பேன். வரி முடியும்போது மெஷினில் ஒரு மணி அடிக்கும். ஒவ்வொரு மணிக்கும், இப்போது கதவைச் சாத்திக்கொண்டு வெளியே இறங்குகிறார் என்று தோன்றும். ஆறே காலுக்குள் முப்பது தடவை இறங்கிவிடுவார்.

வீட்டுக்கு வந்தால் தட்டு கழுவிக் கவிழ்த்து இருக்கும். குடம், தவலை, அண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் ததும்பும். தெருமுனை அடிபம்பிலிருந்து அவர் கொண்டு வந்தது. 'உடம்பில் தெம்பு கூடுகிறது' என்று நோட்டில் ஓரமாக எழுதினேன். பிறகு சொம்பில் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அவர் முகத்தருகே குனிவேன்.

ஒருநாள், "மோந்து பாத்துட்டியா? போயி டிக் போடு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் சிரிக்கவில்லை. டிக் போட்டேன்.

4

ஞாயிறுதோறும் மண்டித் தராசில் அவரை நிறுத்தினேன். ஆவணி முதல் வாரம் நாற்பத்தேழு கிலோ. புரட்டாசி முதல் வாரம் நாற்பத்தேழு. புரட்டாசி கடைசி வாரம் நாற்பத்தாறரை.

கூட வேலை செய்யும் காசி பக்கத்தில் நின்று பார்த்தார். "இன்னாபா ஆதி, ஒரு மூட்டைக்கிப் பாதிகூட வரமாட்டற. சாக்கு எட தள்ளிட்டுச் சொல்லு."

"சாக்கு எடைதான் அதுவே" என்றார் அண்ணன்.

எனக்குச் சந்தேகம் வந்தால் வரிசையாகத்தான் வரும். முதலில் தராசைச் சந்தேகப்பட்டேன். நானே ஏறி நின்று பார்த்தேன். தராசு சரியாக இருந்தது, நான் ஒரு கிலோ ஏறியிருந்தேன். இரண்டாவது, வயிற்றுப் பூச்சி. மருந்து வாங்கிக் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இதுக்கு சாராயமே தேவல" என்றார். நான் வெளுத்துப்போனதைப் பார்த்து, "தமாசு, வேதா" என்றார்.

மூன்றாவது சந்தேகத்தை நோட்டில் எழுதவில்லை. எழுதினால் நிஜமாகிவிடும் என்று பயம்.

[இந்த இடத்தில் அரைப்பக்கம் நர்சைப் பற்றியும் நாட்டில் வைத்தியத்தின் நிலைமை பற்றியும் எழுதியிருந்தேன். கோபமாக இருந்தது, அழகாகவும் இருந்தது. யாராவது ஒருவர் மேல் பழி போட வேண்டியிருந்ததால் எழுதியது. எடுத்துவிட்டேன்.]

5

ஆடு.

பின்கட்டில் எங்களுக்கும் பக்கத்து வீட்டு முன்னி பேகத்துக்கும் நடுவே ஓர் ஓலைத் தட்டி. அதற்கு அந்தப்பக்கம் ஒரு கிடா கட்டியிருக்கும். மகன் கல்யாணத்துக்காக வளர்க்கிறது. ஐப்பசியில் ஒரு விடுமுறை நாள் காலை, துணி உலர்த்தப் போனவள் அதைப் பார்த்தேன். ஆவணியில் எலும்பும் தோலுமாக வந்தது. இப்போது பீப்பாய் மாதிரி இருந்தது. அசை போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தது. அதன் தாடியில் இரண்டு கொண்டைக்கடலைத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நல்லா தேறிடிச்சே முன்னிம்மா" என்றேன்.

"தேறாம? தெனம் சுண்டலு, மல்லாட்ட. ராஜா வூட்டு ஆட்டுக்குக்கூட கெடைக்காது பேட்டி. ஒங்கண்ணன் கையாலதானே துன்னுது." என்னை அவர் பேட்டி, அதாவது மகளே, என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணனா?"

"நீதான் குடுத்தனுப்பறேன்னு நெனச்சேன்." அவர் முறம் புடைப்பதை நிறுத்தினார். "இன்னா? நீ அனுப்பலியா?"

"முட்டையுமா?"

"அரே, ஆடு முட்ட துன்னுமா, பைத்தியம்! அது பூனைக்கு. அந்தப் பூனையப் பாரு, நடக்க முடியாம ஓட்டு மேல ஒக்காந்துக்கினு கீது."

பார்த்தேன். உட்கார்ந்துகொண்டிருந்தது.

உள்ளே வந்து நோட்டை எடுத்து எண்ணினேன். ஐந்தே முக்கால் வரிசையில், எனக்குக் கிளாஸ் இருந்த நாட்கள் மட்டும், ஐம்பத்தெட்டு டிக். காலித் தட்டைப் பார்த்து, 'சாப்பிட்டார்' என்று நான் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஐம்பத்தெட்டு நாள். பத்திரம் படிக்காமல் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்களை எங்கள் ஆபீசில் நான்தான் அதிகம் கேலி செய்வேன்.

இதையாவது தாங்கிக்கொண்டேன். அடுத்ததைத் தாங்க முடியவில்லை. தட்டை ஆட்டுக்குக் கொட்ட இரண்டு நிமிடம் போதும். மீதி நேரம் எங்கே இருந்தார்?

(அடித்தல் ஒன்று: 'எங்கே இருந்தார்' என்பதற்குப் பதில் முதலில் 'எந்தக் கடையில் இருந்தார்' என்று எழுதினேன்.)

6

மறுநாள் வழக்கம் போல அவித்து, வைத்து, மூடி, ஐந்தேகாலுக்குக் கிளம்பினேன். தெருமுனை வரை நடந்தேன். சுற்றிக்கொண்டு முன்னி பேகம் வீட்டு வழியாகப் பின்கட்டுக்கு வந்து தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முன்னிம்மா ஒரு மணையைத் தள்ளிவிட்டுப் போனார். எங்கள் வீட்டுப் பின்கதவு திறந்தே இருக்கும். ஓலை இடுக்கு வழியாகத் தட்டும் அதற்கு எதிரே இருக்கிற சுவரும் தெரியும்.

வாசகரே, இங்கிருந்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். மனத்தில் என்ன நினைத்தார் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. ஐம்பத்தெட்டு நாள் அப்படி எழுதித்தான் கெட்டேன்.

ஐந்து ஐம்பதுக்கு வந்தார். கைகால் கழுவினார். தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூடியை எடுத்தார். மிளகுப்பொடி தூவி இரண்டாக வெட்டிய முட்டை, தேங்காய் போட்ட சுண்டல், அவித்த மல்லாட்டை. வலது கையால் ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்தார். இடது கை முழங்கால் மேல் இருந்தது. அது மெல்லத் திறந்து, பாதி மூடி, ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. மல்லாட்டையை வாயில் போடவில்லை.

எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு தட்டியை நோக்கி வந்தார். நான் ஒளிந்துகொள்ளவில்லை. ஆடுதான் முதலில் எழுந்தது.

"கிளாசுக்குப் போல?" என்றார்.

"நீ சாப்பிடலியா?"

தட்டைத் தட்டிமேல் நீட்டினார். ஆடு தின்ன ஆரம்பித்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"இனிமே குடிச்சா பொழைக்க மாட்டன்னு சொன்னாங்களேண்ணா! ஓடியாந்து ஓடியாந்து அவிச்சு வெக்கிறேன். ஆடு துன்னுது. நீ எங்க போற? நான் வர்ற வரைக்கும் எங்க போற?"

"பம்புக்கு."

"எந்தக் கடைக்குன்னு கேக்கறேன்!"

"பம்புக்குதான் வேதா. தண்ணி அடிக்கிற பம்பு. ரெண்டு கையும் அதுல இருக்கும்ல." கைகளைக் காட்டினார். உள்ளங்கையில் மூட்டைக் கொக்கி பிடித்த பழைய காய்ப்புக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வரிசை. "கொடம் ரொம்பற வரைக்கும் அடிப்பேன். ரொம்பிட்டா அண்டா. அதுவும் ரொம்பிட்டா முன்னிம்மா வூட்டுக்கு. ஆறரை தாண்டிட்டா அன்னிக்குத் தப்பிச்சேன்."

"சாப்புட்டுட்டு அடியேன்!"

ஆட்டுக்குத் தோதாகத் தட்டைச் சாய்த்துப் பிடித்தார்.

"நீ சாராயக்கட வாசல்ல நின்னிருக்கியா?"

"நான் எதுக்கு நிக்கிறேன்?"

"அங்க ஒரு தள்ளுவண்டி நிக்கும். அவிச்ச முட்ட, ரெண்டா வெட்டி, மொளகுப்பொடி தூவி. சுண்டலு, தேங்கா போட்டு. மல்லாட்ட. வேற எதுவும் வெச்சிருக்க மாட்டான். பதினோரு வருசமா ஆறு மணிக்கு நான் துன்னது அதான்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீ தெனம் அதையே வெக்கிற. அதே நேரத்துக்கு. அவனவிட நல்லா பண்ற. மூடியத் தொறந்தா டம்ளர் ஒண்ணுதான் கொற."

ஆடு தொடாமல் விட்ட முட்டையைப் பார்த்தேன்.

"கடிச்சா போதும், தொண்ட மீதிய கேக்குது. ஆடு துன்னுட்டுப் போவட்டும்னு..."

"ஏன்ணா சொல்லல?"

"எப்புட்றீ சொல்றது? வேலைலேர்ந்து வந்து மூஞ்சி கழுவாம முட்ட உரிச்சிக்கினு நிக்கிற. நோட்டுல கோடு போட்டு வெச்சிருக்கற. அந்த டிக்க பாத்தா எனக்கே, துன்னுட்டம் போலக்குதுன்னு இருக்கும்."

எனக்குப் பின்னாலிருந்து முன்னி பேகத்தின் குரல் வந்தது. "பேட்டி, சண்ட போட்டு முடிச்சிட்டா சொல்லு. ஆடு தட்டையும் சேத்துத் துன்னுது."

அன்றைக்கு அவர் பம்புக்குப் போகவில்லை. நேரத்தை எப்படிக் கடத்துவது என்று தெரியாமல், எங்கள் வீட்டுப் பின்படிக்கு வந்து உட்கார்ந்து நான் கேள்வி கேட்டேன். சாராயத்தோடு சேர்த்து நீ ஒருபோதும் தின்னாதது எது? அவர் யோசித்து யோசித்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஊறுகாய் கூடாது. மாங்காய் கூடாது. மீன், கறி, போண்டா, அப்பளம் எதுவுமே கூடாது. உப்பும் உறைப்புமாக இருக்கிற எல்லாமே அந்தத் தள்ளுவண்டியில் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் வந்துவிட்டன.

"பருப்பு சோறு" என்றார் கடைசியில். "கொழைய வடிச்சு, நெய்யூத்தி. எம்பொண்ணு துன்னும் பாரு, அந்த மாதிரி. அத எவனும் கடைல விக்க மாட்டான்." சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். முப்பத்திரண்டு வயது ஆள். "ஆனா ஒண்ணு. அங்க எவனும் தனியா துன்ன மாட்டான். தெரியாதவன்கூட எதிர்ல வந்து ஒக்காருவான், ஒரு முட்டைய ரெண்டா ஆக்கிக்குவோம். இங்க சொவரப் பாத்துக்கினு துன்னணும்."

அந்த ஞாயிறு நானும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டு தட்டு பருப்புச் சோறு, கீரை மசியல், ஒரு வாழைப்பழம். முழுதும் சாப்பிட்டார். இடது கை முழங்கால் மேலேயே இருந்தது. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டதால் என்ன ருசி என்று எனக்குத் தெரியாது.

கிளாசை நிறுத்திவிடுகிறேன் என்றேன். கூடாது என்றார். "நீ ஒக்காந்து காவல் காத்தா ஒனக்காக துன்னுவேன். நாளைக்கு நீ கல்யாணம் ஆயி பூட்டா? யாருக்காக துன்றது? கிளாசுக்குப் போ."

7

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது, தீபத்தன்று. ஊரே மலையைப் பார்த்து நிற்கிறது. அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் வருகிறாள். உச்சியில் கொப்பரை பற்றிக்கொள்ளும் அந்த நொடியில் அண்ணன் முதல் வாய் பருப்புச் சோறு— நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரில் இது ஒரு தொல்லை. எந்தக் கதையை முடிக்கத் தெரியாவிட்டாலும் மலை உச்சியில் ஒரு கொப்பரை தயாராக இருக்கிறது. அண்ணியிடமிருந்து இதுவரை சேதி எதுவும் இல்லை. தீபத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.

இரண்டாவது, தை மாதத்தில் எடை ஐம்பத்தைந்து கிலோ. நர்ஸ் தங்கம்மாள் முதுகில் தட்டிக்கொடுக்கிறார். படித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டலாம் போல இருந்தது.

மூன்றாவதைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். அடித்தலைச் சொல்லாமல் விட்டால் பத்திரம் பொய்யாகிவிடும். சொல்கிறேன். ஐந்து ஐம்பதுக்கு வருகிறார், தட்டைத் திறக்கவில்லை, குடத்தை எடுக்கவில்லை, கதவைச் சாத்திவிட்டு இறங்குகிறார். இந்த முடிவு ஒன்றரைப் பக்கம் வந்தது. கை நிற்கவே இல்லை. எழுத்துப் பிழை இல்லை, ஓர் அடித்தல்கூட இல்லை. இவ்வளவு சுலபமாக வந்ததே என்பதைப் பார்த்துத்தான் பேனாவை மூடினேன். மனத்துக்குள் எத்தனை நாளாகத் தயாராக வைத்திருந்தேனோ. கிழித்து அடுப்பில் போட்டேன். அதில்தான் மறுநாள் பருப்பு வெந்தது.

8

இன்று புதன்கிழமை. இதை இன்ஸ்டிடியூட்டில், மூன்றாம் நம்பர் மெஷினில் தட்டிக்கொண்டிருக்கிறேன். பாடத்தைத்தான் அடிக்கிறேன் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டிருக்கிறார். எதிர்ச் சுவரில் மணி ஐந்து நாற்பத்திரண்டு.

வீட்டில் தட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறேன். குழைய வடித்த சோறு, பாசிப்பருப்பு, நெய், ஓரத்தில் கீரை. உறைப்பு எதுவும் இல்லை. திங்களும் செவ்வாயும் தட்டு கழுவிக் கவிழ்த்து இருந்தது. குடங்களும் நிறைந்திருந்தன. எனவே எனக்கு எதுவும் தெரியாது. ஆட்டை வேறு இடத்தில் கட்டச் சொல்லி முன்னி பேகத்திடம் கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கேட்டிருந்தால் காலித் தட்டுக்கு மறுபடியும் அர்த்தம் வந்திருக்கும். கேட்கவில்லை. ஆடு அங்கேயேதான் இருக்கிறது. நெய்ச்சோறு அதற்கும் பிடிக்கும்.

நோட்டின் ஐந்தாவது கட்டத்தை இரண்டு நாளாக நிரப்பவில்லை. நேற்றிரவு சொம்பைக் கொடுக்கும்போது குனியவும் இல்லை. "இன்னா, இன்னிக்கு மூக்கு அடச்சிக்கிச்சா?" என்றார். "ஆமாண்ணா, சளி" என்றேன். பொய் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் சுக்கு தட்டிக் கொடுத்தார்.

ஐந்து நாற்பத்தாறு. மண்டியைவிட்டுக் கிளம்பியிருப்பார்.

இந்த நேரத்தில் நான் அங்கே இருக்க முடியாது. அவர் போகச் சொல்லிவிட்டார். முன்னி பேகத்துக்கு இது அந்தித் தொழுகை நேரம். காசி பாதிநாள் அந்தக் கடையில்தான் இருப்பார். யோசித்துப் பார்த்தால், இந்த ஒரு மணி நேரத்துக்கு எனக்கு மீதி இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

கதையின் முடிவைச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வழி சொல்கிறேன். தெருமுனையில் அடிபம்பு. அதிலிருந்து நான்காவது வீடு. கதவு சாத்தியிருக்கும், தாழ்ப்பாள் கிடையாது. அவர் வந்து கைகால் கழுவிக்கொண்டிருப்பார். யார் என்று கேட்டால் மண்டிக்கு வந்தவன், விலை விசாரிக்க வந்தேன் என்று எதையாவது சொல்லுங்கள். மூடியை நீங்கள் திறக்க வேண்டாம். அவர் முகத்தையும் பார்க்க வேண்டாம், இடது கையையும் பார்க்க வேண்டாம். அந்த வேலையை நான் போதுமான அளவு செய்துவிட்டேன்.

சுவர்ப் பலகையில் இன்னொரு தட்டு இருக்கிறது. எடுத்துக்கொண்டு எதிரில் உட்காருங்கள். சோறு இரண்டு பேருக்குப் போதும், இன்று கொஞ்சம் ஜாஸ்தியாகவே வடித்திருக்கிறேன். பசி இல்லாவிட்டாலும் இரண்டு வாய் சாப்பிடுங்கள்.

(இப்பகுதியில் அடித்தல் இல்லை. பத்திரத்தின் கடைசியில் இடம் மிச்சமானால், பிறகு யாரும் எதையும் எழுதிச் சேர்த்துவிடாதபடி அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவோம். கீழே ஐந்து வரி இடம் இருக்கிறது. கோடு இழுக்கவில்லை.)